13 வயதில் பெரியவர்களோடு ஹாக்கி! பனி மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள்

இரவு மணி பத்து. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. அந்த நேரத்தில் ஒரு தகப்பனார் கனத்த கோட்டும் கம்பளிக் குல்லாவும் மாட்டிக் கொண்டு, வீட்டுக் கொல்லையில் ரப்பர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் கொண்டு நிற்கிறார்.

செடிக்குத் தண்ணீர் விடுகிறார் என்று நினைத்து விடாதீர்கள். அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே கல்லாக உறைந்து விடுகிறது. அது உறைந்ததும் அதன் மேல் இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். பிறகு இன்னொரு தடவை. இப்படிப் பல இரவுகள் ஊற்றினால் கொல்லைப்புறமே பளிங்குத் தரை போல ஆகி விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகள் காலில் சறுக்குச் செருப்பை மாட்டிக் கொண்டு அதன் மேல் ஹாக்கி பழகுவார்கள்.

இது நடப்பது அமெரிக்காவின் வடகோடியில் உள்ள மினசோட்டா மாநிலத்தில். அதற்கு அப்பால் கனடா. ஏரிகள் நிறைந்த பூமி. கார் நம்பர் பிளேட்டிலேயே "10 ஆயிரம் ஏரிகளின் நாடு" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குளிர் காலத்தில் அத்தனை ஏரிகளும் உறைந்து போகும். இயற்கையே இலவசமாக மைதானம் போட்டுக் கொடுத்து விடுகிறது.

நம் ஊர்ப் பையன்களுக்குத் தெருவில் கிரிக்கெட் எப்படியோ, அப்படி அங்கே ஹாக்கி. நடக்கத் தெரிந்த கையோடு சறுக்கக் கற்றுக் கொடுத்து விடுகிறார்கள். அதனால்தான் அங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. பிளஸ் 2 படிக்கும் 17, 18 வயது மாணவிகள் ஆடும் பள்ளி அணியில், 7-ம் வகுப்புப் படிக்கும் பொடிசு ஒன்றும் இடம் பிடித்து விடுகிறது.

பந்து இல்லாத ஹாக்கி

நமக்குத் தெரிந்த ஹாக்கி வேறு, இது வேறு. அதை முதலில் சொல்லி விட வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. கெட்டி ரப்பரால் செய்த வட்டத் தகடுதான் பந்து. "பக்" என்று பெயர். 3 அங்குல அகலம், ஓர் அங்குல கனம், சுமார் 170 கிராம் எடை. மைதானம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தரை. சுற்றிலும் பலகைச் சுவர் அடைத்திருப்பார்கள். பக் வெளியே போகாது. ஆட்டக்காரரும் வெளியே போக முடியாது. தள்ளினால் சுவரில்தான் போய் மோத வேண்டும். ஆபத்து இருப்பதும் இங்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பக்கத்துக்குக் கோல் கீப்பரையும் சேர்த்து 6 பேர் மட்டுமே களத்தில் இருப்பார்கள். ஆனால் யாரும் முழு ஆட்டமும் ஆட மாட்டார்கள். முக்கால் நிமிடமோ ஒரு நிமிடமோ மூச்சு வாங்க ஓடி விட்டு, பெஞ்சுக்குத் திரும்பி விடுவார்கள். அடுத்த கோஷ்டி உள்ளே குதிக்கும். ஆட்டம் நின்று காத்திருக்காது. ஆகவே ஒரு பள்ளி அணி என்றால் 6 பேர் போதாது. இரண்டு மூன்று கோஷ்டிகள் வேண்டும். ஏறக்குறைய 20 பேர்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பது இந்தக் கணக்கால்தான். சின்ன ஊர்ப் பள்ளியில் 20 பெரிய பிள்ளைகளுக்கு எங்கே போவது? எட்டாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு வரை போய்த் தேட வேண்டியிருக்கிறது.

"வார்சிட்டி" என்றால் என்ன?

அமெரிக்காவில் 9 முதல் 12-ம் வகுப்பு வரை உள்ளது உயர்நிலைப் பள்ளி. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் அணி ஒன்று, இரண்டாம் அணி ஒன்று இருக்கும். முதல் அணிக்கு "வார்சிட்டி" என்று பெயர். "யூனிவர்சிட்டி" என்ற சொல்லை இங்கிலாந்துக்காரர்கள் வெட்டிச் சுருக்கியதில் பிறந்த சொல் இது. பள்ளிக்கூடத்துக்கும் அதுவே ஒட்டிக் கொண்டு விட்டது.

வார்சிட்டியில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட விஷயம் அல்ல. ஆண்டுதோறும் தேர்வு வைப்பார்கள். இடம் பிடித்து ஆடியவருக்குப் பள்ளியின் முதல் எழுத்தைத் துணியில் வெட்டிக் கொடுப்பார்கள். அதைக் கோட்டில் தைத்துப் போட்டுக் கொண்டு திரிவதில் பெருமை. நம் ஊரில் என்.சி.சி. உடுப்போடு தெருவில் நடந்த பையன்களை நினைத்துக் கொள்ளுங்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் 9-ம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு வார்சிட்டியில் இடம் இல்லை. மினசோட்டாவிலோ பெண்கள் ஹாக்கியில் 7-ம் வகுப்பு முதலே ஆடலாம். 13 வயதுப் பிள்ளையும் 18 வயதுப் பிள்ளையும் ஒரே அணியில்!

நடாலியின் கதை

செயின்ட் பால் நகருக்குப் பக்கத்தில் ஈகன் என்று ஒரு புறநகர். அங்கே 1983-ல் பிறந்தவர் நடாலி டார்விட்ஸ். சின்ன வயதில் அவளோடு ஆடப் பெண் பிள்ளைகள் அதிகம் இல்லை. பையன்களோடுதான் ஆடினாள்.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். 1972-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்விக்கூடமும் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதில் விளையாட்டும் அடங்கி விட்டது. அந்தச் சட்டம் வந்தபோது நாடு முழுவதும் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 3 லட்சம் பேர் கூட இல்லை. இன்று 30 லட்சத்துக்கும் மேல்! ஆனாலும் பனி ஹாக்கி ஆண் பிள்ளைகளின் கோட்டையாகவே ரொம்ப நாள் இருந்தது. பெண்கள் ஹாக்கியைப் பள்ளி விளையாட்டாக முதன்முதலில் அங்கீகரித்த மாநிலம் மினசோட்டா. 1994-95 பருவத்தில்தான் அதுவும் நடந்தது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 7-ம் வகுப்பு மாணவி நடாலி தன் ஊர் உயர்நிலைப் பள்ளியின் வார்சிட்டி அணியில் இறங்கினாள். வயது 13. பையன்களின் வேகத்துக்கு ஈடு கொடுத்துப் பழகியவளுக்குப் பெரிய பெண்களின் வேகம் பெரிதாகப் படவில்லை. சக்கைப் போடு போட்டாள். 10-ம் வகுப்பு வரை 4 பருவங்கள். கோல் போட்டால் ஒரு புள்ளி, கோல் போட உதவினால் ஒரு புள்ளி என்பது அங்கே கணக்கு. அந்தக் கணக்கில் அவள் சேர்த்தது 487 புள்ளிகள்!

15 வயதில் அமெரிக்க தேசிய அணியில் சேர்ந்தாள். பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு படிக்க வேண்டிய காலத்தில் பள்ளி அணியை விட்டு விட்டு நாட்டுக்காக ஆடப் போய் விட்டாள். 2002, 2010 ஒலிம்பிக்கில் வெள்ளி. நடுவே 2006-ல் வெண்கலம். 2024-ல் பெண்களுக்கான தொழில்முறை லீக்கின் முதல் கோப்பையை மினசோட்டா அணி தட்டிச் சென்றபோது அதன் பொது மேலாளர் இவர்தான்.

அதே காலத்து இன்னொரு பெண் கிறிஸ்ஸி வெண்டல். இவரும் பையன்களோடு ஆடிப் பழகியவர். ஹாக்கி மட்டும் அல்ல. 1994-ல் சிறுவர்களின் உலக பேஸ்பால் போட்டியில், பந்து பிடிக்கும் "கேட்சர்" இடத்தில் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆடினாள். பிறகு பள்ளிப் பெண்கள் ஹாக்கியில் ஒரே பருவத்தில் நூறு கோலுக்கு மேல் போட்டு, 2000-ம் ஆண்டில் தன் பள்ளிக்கு மாநிலக் கோப்பையை வாங்கிக் கொடுத்தாள்.

நடாலியும் கிறிஸ்ஸியும் 2024-ல் ஒரே நாளில் கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

சுரங்கத்து ஊர்

சிறு வயதில் பெரிய ஆட்டம் என்பது பெண்களோடு தொடங்கிய கதை அல்ல. நம் தங்கவயல் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு பழைய கதை இருக்கிறது.

மினசோட்டாவின் வடக்கே இரும்புத்தாதுச் சுரங்கங்கள் உண்டு. அங்கே எவெலத் என்று ஒரு சிறிய ஊர். ஊருக்கு அடியிலேயே தாது இருக்கிறது என்று தெரிந்ததும், 1900-ம் ஆண்டு வாக்கில் வீடுகளையே பெயர்த்து உருட்டிக் கொண்டு போய் வேறு இடத்தில் வைத்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன். சுரங்கத்தில் இறங்க ஆள் வேண்டும். பின்லாந்து, இத்தாலி, சுலோவேனியா, குரோஷியா என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால் எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே பனிக்கட்டி மேல் ஆடின.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை முடிச்சோடு கோலாருக்கு வந்து, 2001-ல் சுரங்கம் மூடும் வரை பூமிக்கடியில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இந்த ஊர் அன்னியமாகத் தோன்றாது. ஷிப்ட் முடிந்த அப்பனும் பள்ளி முடிந்த மகனும் சாயங்காலம் சந்திக்கும் இடம் மைதானம்.

பள்ளி அணிகளுக்கான மினசோட்டா மாநில ஹாக்கிப் போட்டி 1945-ல் தொடங்கியது. முதல் கோப்பையே எவெலத்துக்கு. பிறகு 1948-ல் அந்த அணியில் ஜான் மயாசிச் என்ற பையன் சேர்ந்தான். மாநிலப் போட்டி நடந்தபோது அவனுக்கு வயது 14. அந்த ஆண்டு முதல் 1951 வரை தொடர்ந்து 4 தடவை கோப்பை எவெலத்துக்கே. அந்த 4 ஆண்டுகளில் ஆடிய 69 ஆட்டங்களில் ஒன்றில் கூடத் தோற்கவில்லை! 1951 போட்டியில் ஒரே ஆட்டத்தில் 7 கோல் போட்டான் அந்தப் பையன். வளர்ந்த பிறகு 1956 ஒலிம்பிக்கில் வெள்ளி, 1960-ல் தங்கம் வாங்கிய அணிகளில் ஆடினார்.

இன்று எவெலத்துக்குப் போனால் நூறடிக்கு மேல் நீளமுள்ள ஹாக்கி மட்டை ஒன்றை ஊர் நடுவில் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அமெரிக்க ஹாக்கியின் புகழ் மண்டபமும் 1973 முதல் அந்தச் சுரங்க ஊரில்தான் இருக்கிறது.

கனடா எல்லையை ஒட்டி வார்ரோடு என்று இன்னும் சின்ன ஊர். ஜனத்தொகை 2 ஆயிரத்துக்கும் குறைவு. அந்த ஊர் கிறிஸ்டியன் சகோதரர்கள் இருவர் 1960-ல் தங்கம் வாங்கினார்கள். அவர்களில் ஒருவருடைய மகன் டேவ் 1980-ல் தங்கம் வாங்கினார்.

அந்த 1980-ஐ நாமும் மறக்க முடியாது. பிப்ரவரி 22-ந் தேதி, லேக் பிளாசிட் என்ற ஊரில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள், அசைக்க முடியாதவர்கள் என்று பெயர் எடுத்த சோவியத் அணியை 4-3 என்று சாய்த்தார்கள். 20 பேர் கொண்ட அந்த அணியில் 12 பேர் மினசோட்டாக்காரர்கள். அதே ஆண்டு ஜூலை மாதம் மாஸ்கோவில், நம் ஆரணி பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை வென்று தங்கம் வாங்கியது. அதுவும் 4-3 தான்! பனியில் ஒன்று, தரையில் ஒன்று. கணக்கு மட்டும் ஒன்று.

எலும்பு முற்றாத வயது

இனி அந்த ஆபத்துக்கு வருவோம்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கு அடுத்தபடியாக அந்த ஊர் பேர் வாங்கியது ஹாக்கிக்குத்தான். நான் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். ஒல்லிக்குச்சி. ஆனால் மட்டையில் பந்து ஒட்டிக் கொள்ளும். டிரில் மாஸ்டர் அவனைத் தூக்கிப் பெரிய பையன்கள் அணியில் போட்டு விட்டார்.

அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. "சார், அதுக பூரா மீசை முளைச்ச பயலுக. எம் பிள்ளை சின்னவன் சார்" என்றாள். மாஸ்டர் சிரித்துக் கொண்டே, "நீ போம்மா, உன் மகன் நாளைக்கு இந்தியாவுக்கு ஆடுவான்" என்றார்.

மூன்றாவது ஆட்டத்திலேயே எதிர் அணிப் பையன் ஓங்கி வீசிய மட்டை அவன் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. கணுக்கால் கட்டை என்று ஒன்றை அப்போது யார் கண்டார்கள்? கரிசல் மண்ணில் சுருண்டு கிடந்தான். இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். மாஸ்டரும் கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புல் ஹாக்கியிலேயே இப்படி. பனி ஹாக்கியில் எதிராளியை உடம்பால் இடித்துத் தள்ளுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. "செக்கிங்" என்கிறார்கள். பள்ளிப் பெண்கள் ஆட்டத்தில் அது கிடையாது. இடித்தால் தண்டனை. 13 வயது நடாலிகள் 18 வயதுக்காரிகளோடு ஆட முடிவதற்கு அதுவும் முக்கியக் காரணம். ஆண் பிள்ளைகள் ஆட்டத்தில் இடிக்கலாம். 13 வயதில் ஒருவன் குழந்தை போல இருப்பான், இன்னொருவன் ஆள் போல இருப்பான். ஒரே வகுப்பிலேயே இப்படி என்றால், நாலு வயது மூத்தவன் இடித்தால் என்ன ஆகும்?

இதைக் கனடாவில் ஆராய்ந்தார்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில் 11, 12 வயதுப் பிள்ளைகள் இடித்து ஆட அனுமதி இருந்தது. கியூபெக் மாகாணத்தில் இல்லை. இரண்டு பக்கமும் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒரு பருவம் முழுவதும் கவனித்தார்கள். இடித்து ஆடிய பிள்ளைகளுக்குக் காயம் 3 மடங்குக்கு மேல்! மூளை அதிர்ச்சியும் அப்படியே. 2010-ல் இந்த முடிவு வெளியானது. மறு ஆண்டே அமெரிக்க ஹாக்கி சங்கம், 13 வயதுப் பிரிவுக்குக் கீழே இடித்து ஆடக் கூடாது என்று விதியை மாற்றியது. கனடா 2013-ல் மாற்றியது.

விதி மாறிய அதே 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி மினசோட்டாவில் ஒரு பள்ளி ஆட்டம். முதல் அணி கூட இல்லை, இரண்டாம் அணி ஆட்டம். ஜாக் ஜப்லான்ஸ்கி என்ற 16 வயது மாணவன் பின்னாலிருந்து தள்ளப்பட்டுப் பலகைச் சுவரில் போய் மோதினான். கழுத்தில் முதுகுத் தண்டு நைந்து போயிற்று. அன்று விழுந்தவன் சக்கர நாற்காலிக்குப் போனான்.

மாநிலமே அதிர்ந்து போயிற்று. சில வாரங்களுக்குள், பருவத்தின் நடுவிலேயே, பள்ளி விளையாட்டுச் சங்கம் விதியைக் கடுமையாக்கியது. பின்னாலிருந்து தள்ளினாலோ, சுவரில் மோத விட்டாலோ, தலையில் இடித்தாலோ கட்டாயம் 5 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஜப்லான்ஸ்கி சோர்ந்து விடவில்லை. கல்லூரிப் படிப்பை முடித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தொழில்முறை ஹாக்கிக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். முதுகுத் தண்டு சிகிச்சை ஆராய்ச்சிக்காக ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார். ஆனாலும் ஒரு பையன் 16 வயதில் நடக்கும் சக்தியை இழந்த பிறகு வந்த விதி அது. முன்பே வந்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

டாக்டர் சீட்டு

நியூயார்க் மாநிலத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

அங்கேயும் 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய அணியில் ஆடலாம். ஆனால் கோச் பார்த்து "இவன் நல்லா ஆடுறான்" என்று இழுத்துக் கொண்டு போக முடியாது. முதலில் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பிறகு டாக்டர் பரிசோதிப்பார். வயதை மட்டும் பார்ப்பது இல்லை. உடம்பு எந்த அளவு வளர்ந்திருக்கிறது, பருவம் எய்தி இருக்கிறதா என்று பார்ப்பார். கோச் ஆட்டத் திறமையை எடை போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே ஓட்டம், தம் பிடித்தல் போன்ற உடல் தகுதித் தேர்வு. எல்லாம் தேறினால்தான் இடம்.

நாலு கையெழுத்து இல்லாமல் குழந்தை களத்தில் இறங்க முடியாது. ஆபீசில் பைல் நகர்வதற்கு ஆறு கையெழுத்து என்று சலித்துக் கொள்ளும் நமக்கு, இந்தக் கையெழுத்துகள் வீணாகத் தோன்றவில்லை.

உடம்பு தேறி விட்டாலும் மனசு என்று ஒன்று இருக்கிறது. 18 வயதுப் பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் பேசும் பேச்சு 13 வயதுக் காதில் விழ வேண்டுமா? ஆட்டம் முடிந்து பெரியவர்கள் தங்கள் காரிலேயே பறந்து விடுவார்கள். அங்கே 16 வயதில் லைசென்ஸ் கிடைத்து விடும். பொடிசு மட்டும் வாசலில் பையைக் கட்டிக் கொண்டு அப்பா காருக்காக நிற்கும். தன் வகுப்புச் சினேகிதிகள் அன்று பிறந்த நாள் விருந்தில் இருப்பார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பலர் பேசுவதே இல்லை. 12-ம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஐந்து ஆண்டுகள் விடிகாலையில் எழுந்து பயிற்சிக்குப் போனவள். கடைசி ஆண்டிலாவது வார்சிட்டியில் ஆடலாம் என்று காத்திருந்தவள். அவள் இடத்தை ஏழாம் வகுப்புச் சிறுமி பிடித்துக் கொண்டால்? திறமைக்குத்தான் இடம் என்பது சரி. ஆனால் அந்தச் சிறுமிக்கு இன்னும் 5 பருவம் இருக்கிறது. இவளுக்கு இந்த ஒன்றுதான். ஆபீசில் சீனியாரிட்டி, மெரிட் என்று சண்டை போடுகிறோமே, அது அங்கே பள்ளிக்கூடத்திலேயே தொடங்கி விடுகிறது. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தைரியம் இல்லை.

நம் பக்கத்தில்

நம் நாட்டிலும் இப்படிப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அரியானாவில் ஷாகாபாத் என்ற ஊர். வண்டி இழுத்துப் பிழைத்தவர் மகள் ராணி ராம்பால். 14 வயதுக்குள் தேசிய அணியில் இடம் பிடித்தாள். 2010 உலகக் கோப்பைக்குப் போனபோது இந்திய அணியில் எல்லாரையும் விடச் சின்னவள். வயது 15. அங்கே 7 கோல் போட்டாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4-வது இடம் வந்த பெண்கள் அணிக்கு அவர்தான் கேப்டன். அவருக்குக் கிடைத்த கோச் பல்தேவ் சிங் கண்டிப்புக்குப் பேர் போனவர்.

பெங்களூரிலிருந்து பஸ் ஏறினால் போகக் கூடிய குடகில் நடப்பதோ தனி ரகம். வங்கியில் வேலை பார்த்த பாண்டண்ட குட்டப்பா என்பவர் 1997-ல் கரடா கிராமத்தில் ஒரு போட்டி தொடங்கினார். ஒவ்வொரு குடகுக் குடும்பமும் ஓர் அணி. வெளி ஆள் கூடாது. முதல் ஆண்டு 60 குடும்பங்கள். 2024-ல் நாபோக்லுவில் 360 குடும்பங்கள் ஆடிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறி விட்டது! குடும்ப அணி என்பதால் தாத்தாவும் ஆடலாம், பேரனும் ஆடலாம். மருமகள் ஆடுவாள், பள்ளிக்கூடத்துச் சிறுமியும் ஆடுவாள். அங்கே சின்னப் பிள்ளை மட்டையோடு வந்தால், எதிர் அணிப் பெரியவர் வேகத்தைக் குறைத்து வழி விடுவதை நீங்களே பார்க்கலாம். ஏப்ரல், மே மாதத்தில் காப்பித் தோட்டத்து வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்த்து விட்டு வரலாம்.

அமெரிக்காவில் பள்ளி அணியிலிருந்து நேரே பணத்துக்கு ஆடப் போனவர்களும் உண்டு. 1982-ல் பில் ஹவுஸ்லி, 1983-ல் டாம் பராசோ. இருவரும் 18 வயதில் கல்லூரி வாசலை மிதிக்காமல் பெரிய லீக்கில் இறங்கினார்கள். பராசோ முதல் பருவத்திலேயே மிகச் சிறந்த கோல் கீப்பர் பரிசைத் தட்டிக் கொண்டு போனார். இவர்களைக் காட்டித்தான் பல தகப்பன்மார் கொல்லையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் ஆடுகிறவர்களில் அப்படிப் போனவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். மற்றவர்கள் பள்ளி முடிந்ததும் மட்டையைப் பரணில் போட்டு விட்டு வேலைக்குப் போகிறார்கள்.

கோவில்பட்டியில் காலில் அடிபட்ட அந்த ஒல்லிக்குச்சிப் பையனும் இந்தியாவுக்கு ஆடவில்லை. பெங்களூருக்கு வந்து ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வும் பெற்று விட்டார். ஸ்ரீராமபுரத்தில் வீடு. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். தழும்பு இன்னும் இருக்கிறது.

பேசிக் கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடப் பையைத் தூக்கிப் போட்டு விட்டுப் பேத்தி ஓடி வந்தாள். ஏழாம் வகுப்பு.

"தாத்தா, என்னைப் பெரிய அக்காங்க டீம்ல எடுத்துட்டாங்க!"

அவர் முகத்தில் பூரிப்பு வந்தது நிஜம். ஆனால் வாயிலிருந்து முதலில் வந்தது வாழ்த்து அல்ல.

"காலுக்கு ஷின் கார்டு குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா, நாமதான் வாங்கணுமாம்."

அவர் சட்டையை மாட்டிக் கொண்டு எழுந்தார். "வாங்க, பேசிக்கிட்டே சிக்பேட்டை வரை போயிட்டு வந்திடலாம்" என்றார் என்னிடம்.